ஹீட்டரை நாமே மாற்றலாமா?

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது பொறுமையுள்ள எவருக்கும் கைவரும் வேலை. ஆனால் குழாயில் வெந்நீர் வந்துவிட்டால் வேலை சரியாக முடிந்ததாக அர்த்தமில்லை. ஆபத்து இருக்கும் இடமே வேறு.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பாத்ரூமுக்குள் ஸ்டூல் போட்டு ஏறி நிற்கிறார் வீட்டுக்காரர். பல வருஷம் உழைத்த ஹீட்டரின் அடியிலிருந்து துரு கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளியில் விழுகிறது. கூடத்தில் புது ஹீட்டர் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்து, தெர்மாகோல் துகள்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி ஆள் வர நான்கு நாளாகும் என்று போனில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வயதான அம்மாவுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது. மகள் செல்போனை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். அதில் யாரோ ஒருவர் பத்தே நிமிடத்தில் ஹீட்டரை மாற்றிக் காட்டுகிறார்.

“மெயினை ஆஃப் பண்ணியாச்சா?” சமையலறையிலிருந்து குரல்.

“சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன், அது போதும்!”

ஸ்பானர் திரும்புகிறது.

மழையும் பனியும் தொடங்கினால் இந்தக் காட்சி எத்தனையோ வீடுகளில் அரங்கேறும். பெரும்பாலும் மதியத்துக்குள் புது ஹீட்டர் சுவரில் ஏறிவிடும், வெந்நீரும் வரும், எல்லோரும் குளித்து முடித்து நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார்கள். ஆனால், அந்த சுவிட்ச் ‘போதாது’. சுவிட்ச் துண்டிப்பது ஒரே ஒரு கம்பியைத்தான். பழைய வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், சுவிட்ச் அணைந்த பிறகும் ஹீட்டருக்குள் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். ஸ்டூலில் நிற்பவருக்கு அது தெரியாது. வீடியோவில் வந்தவருக்கும் தெரியாது. அவர் பார்த்தது அவர் வீட்டு வயரிங்கை.

ஆசை நியாயமானதே

விறகு போட்டு எரித்த செம்புப் பாய்லர் போய், வாளியில் தொங்கவிடும் ஹீட்டர் ராடு வந்து, இப்போது சுவரில் தொங்கும் டேங்க் ஹீட்டர் சாதாரணக் குடும்பங்களின் அத்தியாவசியப் பொருளாகிவிட்டது. அது பழுதானால் சீசன் நேரத்தில் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வந்து பார்ப்பதற்கு ஒரு கட்டணம், மாட்டுவதற்கு ஒரு கட்டணம், கனெக்‌ஷன் பைப்புக்குத் தனிக் கணக்கு. நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்பு.

வேலையும் பார்வைக்கு எளியதுதான். தண்ணீர் உள்ளே போக ஒரு குழாய், வெளியே வர ஒரு குழாய், சுவரில் தாங்கும் போல்ட்டுகள், ஒரு மூன்று முனை பிளக். ஸ்பானரும் டெஃப்ளான் டேப்பும் பிடிக்கத் தெரிந்தவருக்கு இதில் மர்மம் ஒன்றுமில்லை. தன் வீட்டுச் சாதனத்தைத் தானே கழற்றி மாட்டத் தெரிந்திருப்பது நல்ல விஷயம். எங்கே வால்வு, எங்கே மெயின் என்று தெரிந்த வீடு, ஒன்றும் தெரியாத வீட்டைவிடப் பாதுகாப்பானது.

சிக்கல் எங்கே என்றால், மற்ற வேலைகளில் தப்பு உடனே தெரிந்துவிடும். ஃபேன் சரியாக மாட்டாவிட்டால் ஆடும். குழாய் சரியாக மாட்டாவிட்டால் ஒழுகும். ஹீட்டரில் மிகப் பெரிய தப்புகள் எதுவும் வெளியே தெரியாது. எர்த் இல்லாமலும் தண்ணீர் சுடும். வால்வு இல்லாமலும் சுடும். பல வருஷம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். பிறகு ஒருநாள் குளித்துக்கொண்டிருப்பவர் மீது அந்தத் தப்பு விடியும்.

சட்டம் கிழித்த கோடு

வீட்டுக்காரர் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று நம் சட்டம் நெடுநாளாகவே சொல்லிவருகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி இதைப் பற்றியது. மின் இணைப்பு வேலைகள் எல்லாவற்றையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமாகவே செய்ய வேண்டும் என்ற அந்த விதி, ஒரு விலக்கும் கொடுத்தது: பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், வீட்டு உபயோகச் சாதனம் ஆகியவற்றை மாற்றலாம், ஆனால் அந்த மாற்றம் இணைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றக்கூடாது. பின்னர் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதே கோட்டைத்தான் தொடர்ந்தன.

இதைவிடத் தெளிவான வழிகாட்டி வேறில்லை. 2,000 வாட் ஹீட்டர் இருந்த இடத்தில், அதே பாயிண்டில், அதே 2,000 வாட் ஹீட்டரை மாட்டினால் அது சாதனத்தை மாற்றுவது. அதற்குப் பதில் 4,500 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரை மாட்டினால் இணைப்பின் திறனையே மாற்றுகிறோம். அது கிட்டத்தட்ட 20 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தாங்காது. புதிதாக வயர் இழுப்பது, பாயிண்டை இடம் மாற்றுவது, எர்த் கொடுப்பது எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும்.

---
பெட்டிச் செய்தி: ஹீட்டரின் கணக்கு

● 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் இழுப்பது ஏறக்குறைய 8.7 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் கன்வெர்ட்டர் போட்டுச் சொருகினால் பிளக் உருகும்.

● 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.6 யூனிட் மின்சாரம், 18 நிமிட நேரம் ஆகும்.

● அப்படித் தினமும் இரண்டு முறை சூடாக்கினால் இரண்டு மாதத்தில் 73 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால்வாசியை ஹீட்டர் ஒன்றே தின்றுவிடும்.

● 60 டிகிரி தண்ணீர் தோலில் சில நொடிகள் பட்டாலே ஆழமாகப் புண்ணாகும். குழந்தைகள், முதியவர்கள் உள்ள வீடுகளில் பச்சைத் தண்ணீரைப் பிடித்த பிறகே வெந்நீரைக் கலக்க வேண்டும்.
---

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது கம்பி

ஹீட்டருக்குள் தண்ணீரைச் சுடவைப்பது எலிமென்ட். உலோகக் குழாய்க்குள் மின்கம்பிச் சுருள். இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத தூள். போர் தண்ணீரின் உப்பு அந்தக் குழாய்மீது படிந்து படிந்து ஓடாகிவிடும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கும். ஒரு கட்டத்தில் குழாய் வெடிப்பு விடும். அந்த நொடியிலிருந்து டேங்கில் இருக்கும் தண்ணீரில் மின்சாரம் கலக்கிறது. குழாயைத் திறந்து அடியில் நிற்பவர் மேல் அந்தத் தண்ணீர்தான் விழப்போகிறது.

இந்த இடத்தில் உயிரைக் காப்பது எர்த் கம்பி. ஹீட்டரின் உலோக உடம்போடு இணைந்திருக்கும் அது, கசியும் மின்சாரத்துக்கு மண்ணுக்குள் போக எளிய வழி விடுகிறது. மூன்று முனை பிளக்கில் மேலே இருக்கும் தடித்த முனை அதற்கானது. ஆனால் சுவரில் மூன்று ஓட்டை இருப்பதால் மட்டும் எர்த் இருப்பதாகிவிடாது. பழைய வீடுகளில் அந்த மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கம்பி இருந்தாலும் அது போய்ச் சேரும் எர்த் குழி, கரியும் உப்பும் கரைந்து, வெயிலில் காய்ந்து பயனற்றுக் கிடக்கலாம். அடுக்குமாடிகளில் குழி எல்லோருக்கும் பொது. அதனாலேயே அதை யாரும் கவனிப்பதில்லை.

இன்னும் மோசமான பழக்கம் ஒன்று உண்டு. எர்த் கம்பி இல்லாத இடத்தில் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. “இப்ப சரியாயிடுச்சு சார்” என்பார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்துபோனால், ஹீட்டரின் உலோக உடம்பு முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும். பாதுகாக்க வேண்டிய வழியிலேயே ஆபத்தைக் கூட்டிக்கொண்டு வருகிற வேலை இது.

“மெயின்ல எம்.சி.பி. இருக்கே, ட்ரிப் ஆகாதா?” என்று கேட்பவர்கள் அதிகம். ஆகாது. நனைந்த உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட் பட்டால் உடம்புக்குள் ஓடுவது 230 மில்லி ஆம்பியர், அதாவது கால் ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. மனித இதயத்துக்கோ அதில் சிறு பங்கே துடிப்பைத் தாறுமாறாக்கப் போதும். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை.

மனிதரைக் காப்பாற்றும் கருவி வேறு. ஆர்.சி.சி.பி. என்பார்கள், பழக்கத்தில் பலரும் ஈ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்; 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் முகத்தில் ‘டெஸ்ட்’ பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா.

ஹீட்டரை நாமே மாட்டி மிச்சம் பிடித்த பணத்தை முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்தை அதற்குரிய மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் வேலை. ஹீட்டருக்கு மட்டுமல்ல, வாஷிங் மெஷின், கிரைண்டர், மோட்டார் என எல்லாவற்றுக்கும் அதுவே காவல்.

சொட்டும் வால்வை அடைக்காதீர்கள்

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் ஹீட்டரில் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் கூடுதலாக ஏறக்குறைய 350 மில்லி தண்ணீர் டேங்கில் இடம் தேடும். அதற்காகத்தான் பச்சைத் தண்ணீர் நுழையும் பக்கத்தில் பித்தளையில் ஒரு சேஃப்டி வால்வு. உள்ளே போன தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுப்பதும், அழுத்தம் மிஞ்சினால் வெளியேற்றுவதும் அதன் வேலை. குக்கருக்கு சேஃப்டி வால்வு எப்படியோ, ஹீட்டருக்கு இது அப்படி.

ஹீட்டர் ஓடும்போது அந்த வால்விலிருந்து இரண்டு சொட்டு விழுந்தால் அது வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட வேண்டும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. “புது ஹீட்டர், அதுக்குள்ள ஒழுகுது” என்று எம்சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். நாமே மாட்டும்போது, பைப்பில் சரியாகப் பொருந்தவில்லை என்று வால்வையே பெட்டியில் விட்டுவிட்டு நேராக கனெக்‌ஷன் கொடுப்பவர்களும் உண்டு.

விளைவு என்ன? ஹீட்டருக்குள் காவல்கள் வரிசையாக இருக்கின்றன. முதலில் தெர்மோஸ்டாட், குறிப்பிட்ட சூட்டில் மின்சாரத்தை நிறுத்தும். அது பழுதானால் தெர்மல் கட்-அவுட். அதுவும் தவறினால் இந்த வால்வு. அடிக்கடி விழுகிறது என்று கட்-அவுட்டைத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்து, வால்வையும் அடைத்துவிட்டால் மிச்சம் ஒரு காவலும் இல்லை. மூடிய டேங்கில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்க முடியாமல் அழுத்தத்தில் அடங்கி நிற்கும். டேங்க் எங்கேனும் கிழிந்தால் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவியாகும் தண்ணீர் தன் அளவைப்போல் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். ஹீட்டர் வெடிப்பது இப்படித்தான்.

வால்வுக்கும் டேங்குக்கும் நடுவே எந்தக் குழாயடைப்பும் வரக்கூடாது. வால்வின் சொட்டு வாய்க்கு ஒரு சிறு டியூப் மாட்டித் தரைக்கு இறக்கிவிட்டால் போதும்.

மாடியைச் சொல்லி வாங்குங்கள்

கடையில் நாம் சொல்வது லிட்டரும் விலையும். கேட்க வேண்டிய இன்னொன்று, அழுத்தம் எத்தனை பார் என்பது. ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மொட்டைமாடி டேங்குக்கு நேர் கீழே இருக்கும் தனி வீட்டில் அரை பார்கூட இருக்காது. உயரமான அடுக்குமாடிக் கட்டடத்தில், உச்சியில் இருக்கும் டேங்கிலிருந்து 60 மீட்டர் கீழே இருக்கும் வீட்டில் 6 பார். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் ஓர் உதைப்பு. 6.5 பார் தாங்குவது, 8 பார் தாங்குவது என்று ஹீட்டர்களில் வகை உண்டு. அதைப் பார்க்காமல் வாங்கினால் டேங்கின் வெல்டிங்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

குழாயும் முக்கியம். வெந்நீருக்கு சி.பி.வி.சி. குழாய் வேண்டும், அது 93 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்படுவது. பச்சைத் தண்ணீருக்கான சாதாரண பி.வி.சி. குழாயைச் சூட்டுப் பக்கம் போட்டால் வளைந்து, மூட்டில் விட்டுவிடும்.

சுவரையும் தட்டிப் பாருங்கள். 25 லிட்டர் ஹீட்டரில் தண்ணீரே 25 கிலோ. டேங்கின் எடை தனி. செங்கல் சுவரில் நன்றாகப் பிடிக்கும் ஆங்கர் போல்ட், ஹாலோ பிளாக் சுவரில் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எடை குறைந்த ஏ.ஏ.சி. கற்களுக்கு அதற்கென்றே செய்த போல்ட் வேண்டும். பழைய ஓட்டையில் பிளாஸ்டிக் பிளக்கை அடித்துப் புது ஸ்க்ரூவை ஏற்றினால், தலைக்கு மேல் தொங்குவது குளிக்கும் ஒவ்வொருவருக்கும் ஆபத்து.

மாற்றத்தான் வேண்டுமா?

பழைய ஹீட்டரைக் கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி. டேங்கே ஓட்டையாகியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் தண்ணீர் சூடாகவில்லை, தாமதமாகிறது, உள்ளே கடகடவென்று சத்தம் வருகிறது என்றால் பெரும்பாலும் எலிமென்டில் உப்பு படிந்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் போயிருக்கும். இவை மாற்றக்கூடிய உதிரிபாகங்கள்.

பலருக்கும் தெரியாத உதிரிபாகம் இன்னொன்று உண்டு. டேங்குக்குள் மெக்னீசியம் ஆனோடு கம்பி ஒன்று இருக்கும். தண்ணீரின் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, தான் கரைந்து டேங்கைக் காப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அது கரைந்து தீர்ந்த பிறகு தண்ணீர் டேங்கையே அரிக்க ஆரம்பிக்கும். உப்புத் தண்ணீர் உள்ள பகுதிகளில் வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து மாற்றினால் ஹீட்டரின் ஆயுள் கூடும். சர்வீஸுக்கு வருபவரிடம் “ஆனோடு ராடு எப்படி இருக்கு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஹீட்டர் இல்லாத அந்த இடைப்பட்ட நாட்களிலும் கவனம் வேண்டும். பரணிலிருந்து பழைய ஹீட்டர் ராடு இறங்கும். அதை அலுமினிய அண்டாவில் போடாதீர்கள். தண்ணீர் சுட்டதா என்று விரலை விடுவதற்கு முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். அந்த நாலு நாளைக்குக் கேஸ் அடுப்பில் பெரிய பாத்திரம் வைப்பது மேல்.

---
பெட்டிச் செய்தி: நீங்களே மாற்றுவதாக இருந்தால்

1. முதல் நாள் இரவே ஹீட்டரை அணைத்துவிடுங்கள். தண்ணீர் ஆறியிருக்க வேண்டும்.

2. வேலை தொடங்கும் முன் மெயினையே அணையுங்கள். மின்சாரம் உள்ள இடத்தில் டெஸ்டர் ஒளிர்கிறதா என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஹீட்டர் கம்பிகள் எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள்.

3. தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கை மூடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்தால்தான் காற்று புகுந்து டேங்க் காலியாகும்.

4. புதியதில் வாட், லிட்டர், பார், போல்ட் இடைவெளி நான்கும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

5. நீலம் பச்சைத் தண்ணீருக்கு, சிவப்பு வெந்நீருக்கு. சேஃப்டி வால்வு நீலப் பக்கம்.

6. முதலில் தண்ணீர், பிறகுதான் மின்சாரம். வெந்நீர்க் குழாயில் காற்று அடங்கி, தண்ணீர் சீராக ஊற்றிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். காலி டேங்கில் போட்டால் எலிமென்ட் எரிந்துவிடும்.

7. உத்தரவாத அட்டையை முன்கூட்டியே படியுங்கள். கம்பெனி ஆள்தான் மாட்ட வேண்டும் என்று அதில் இருந்தால் காத்திருப்பதே லாபம்.
---

கேஸ் ஹீட்டர் என்றால் கை வைக்காதீர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் மின்சார ஹீட்டருக்கு. எல்.பி.ஜி.யில் ஓடும் கேஸ் ஹீட்டரை வீட்டுக்காரர் தானே மாற்றுவது எந்த நிலையிலும் கூடாது. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் உருவாக்கிய ஹீட்டர் கேஸில்தான் ஓடியது. எரிந்த புகை வெளியேற அதில் குழாய் கிடையாது. புகை குளியலறையிலேயே தங்கியது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் நம் ஊர்களில் கேஸ் ஹீட்டர் விபத்துகளுக்கு அதே காரணம்தான்.

பாத்ரூம் சின்னது. பனிக்காலத்தில் வென்டிலேட்டரையும் அட்டை வைத்து அடைத்திருப்போம். உள்ளே எரியும் அடுப்புக்குக் காற்று போதாமல் போனால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை கனக்கும், கால் துவளும். தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தெம்பிருக்காது. கேஸ் ஹீட்டரும் சிலிண்டரும் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் இருக்க வேண்டும். குழாய் வழியே உள்ளே வருவது வெந்நீர் மட்டுமாக இருக்கட்டும். பிரிட்டனில் கேஸ் சாதனம் பொருத்தும் வேலையை ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் உள்ளவர்கள் மட்டுமே செய்ய முடியும். அந்தக் கண்டிப்பை நாம் வீட்டளவிலாவது கடைப்பிடிக்கலாம்.

யார் என்ன செய்ய வேண்டும்?

ஹீட்டர் விற்கும் கடைக்காரர், “எத்தனையாவது மாடி? பிரஷர் பம்ப் உண்டா? போர் தண்ணீரா? எர்த் பார்த்தீர்களா?” என்று நான்கு கேள்வி கேட்டுவிட்டு பில் போடட்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுக்குமாடிச் சங்கங்கள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வருஷா வருஷம் பணம் ஒதுக்குகின்றன. எர்த் குழியைச் சோதிக்கவும் அதே கணக்கில் ஒரு வரி சேர்க்கட்டும். மழை தொடங்கும் முன், புரட்டாசியிலேயே அது முடிந்துவிட வேண்டும். வாடகைக்கு விடுபவர்கள், குடிவருபவர் கேட்கும்வரை காத்திராமல் ஆர்.சி.சி.பி. போட்டுக்கொடுக்கட்டும். அட்வான்ஸ் வாங்குகிறவருக்கு அந்தக் கடமை உண்டு.

நாமும் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். கழற்றுவது, தூக்குவது, மாட்டுவது, தண்ணீர் நிரப்புவது, ஒழுகுகிறதா என்று பார்ப்பது நம் வேலை. தாராளமாகச் செய்யலாம், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். சுவருக்குள் ஓடும் வயரும் மண்ணுக்குள் போகும் எர்த்தும் உரிமம் பெற்றவரின் வேலை. அங்கே சிக்கனம் பார்க்கக்கூடாது. எர்த்தை அளந்து பார்க்காத பாயிண்டில் புது ஹீட்டரைச் சொருகாதீர்கள், அதை மாட்டியது நீங்களானாலும் சரி, கம்பெனி ஆளானாலும் சரி.